கட்டுமுன் கேளுங்கள்

கணவரோடு கயிறு கட்டி விளையாடும் ஆசை மனத்தில் எட்டிப் பார்க்கிறதா, சகோதரி? வெட்கம் வேண்டாம்; ஜப்பானில் 'ஷிபாரி' என்று இதைக் கலையாகவே பயில்கிறார்கள். ஆனால் இரவில் திடீரென்று கயிற்றை நீட்டாதீர்கள். பகலில், காப்பி வேளையில், நிதானமாகக் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அவர் கேட்டாலும் மறுக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

இருவருக்கும் சம்மதமானால், சொன்னவுடன் கட்டை அவிழ்க்க ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். 6 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு போதும். கழுத்தில் கட்டவே கூடாது. மணிக்கட்டில் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். கை மரத்துப் போனால் நரம்பு அழுந்துகிறது, உடனே அவிழ்த்துவிடுங்கள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கட்டும். கட்டுண்டவரைத் தனியே விட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள்.

கட்டுண்டவர் சொல்லே அங்கே சட்டம். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அது விளையாட்டு.