கைப்பேசி ஆசிரியருடையது, பூட்டு யாருடையது?

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்குக் காலையில் புறப்படும் கொமுட்டர் இரயிலில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். வண்டி ஷா ஆலாமைத் தாண்டுமுன் அவர் கையிலுள்ள கைப்பேசி பத்துமுறை ஒலித்திருக்கும். தலைமையாசிரியரின் பணிப்பு ஒரு புலனக் குழுவில் வந்து நிற்கும். நோயுற்ற மாணவனின் மருத்துவச் சான்றிதழ் படமாக இன்னொரு குழுவில் விழும். அதே கருவியில்தான் அவருடைய வங்கிக் கணக்கும், பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் படங்களும், தாயாரின் மருந்துச் சீட்டும் இருக்கின்றன. பள்ளிக் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆயினும் பள்ளி அவர் பைக்குள் குடியேறி நெடுநாளாயிற்று.

இக்குடியேற்றம் ஒருநாளில் நிகழ்ந்ததன்று. எனினும் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, எஞ்சியிருந்த சுவரும் இடிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் மூடப்படவில்லை. கல்வியமைச்சு அவ்வாண்டு ஜூனில் டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கிற்று. தளத்தை அரசு தந்தது. அதைத் திறக்கும் கருவியையோ, ஆசிரியர் பெரும்பாலும் தம் கைப்பணத்தில் வாங்கினார். இடர்க்காலத்தில் அது பொறுக்கத் தக்கதே. இடர் நீங்கிய பின்னும் அவ்வேற்பாடு எழுதப்படாத விதியாக நிலைத்துவிட்டதுதான் வினாவுக்குரியது.

ஒரு வகுப்பாசிரியரின் கைப்பேசிக்குள் என்னதான் இருக்கிறது? முப்பது பிள்ளைகளின் பிறப்புப் பத்திர எண்கள், பெற்றோரின் அடையாள அட்டைப் படங்கள், உதவிநிதி விண்ணப்பத்தில் கண்ட குடும்ப வருமானம், மணமுறிவு பற்றிய செய்தி, வீட்டு முகவரி. புலனத்தில் வரும் படங்கள், அமைப்பை மாற்றாதவரை, தாமாகவே படத்தொகுப்பில் சேர்கின்றன. அங்கிருந்து ஆசிரியரின் சொந்த மேகச் சேமிப்புக்கும் ஏறிவிடுகின்றன. அவர் இடம் மாறிச் சென்றாலும், ஓய்வு பெற்றாலும், அப்பிள்ளைகளின் ஏடுகள் அவருடனேயே போகின்றன. இரயில் இருக்கையில் மறந்து வைத்த ஒரு கைப்பேசி, திருமண அழைப்பிதழ் என்னும் பெயரில் வந்து தொட்டவுடன் கருவியைக் கைப்பற்றும் ஏபிகே கோப்பு ஒன்று: இவற்றுள் எது நேரினும், கெடுவது ஆசிரியரின் குடும்பம் மட்டுமன்று, முப்பது குடும்பங்கள்.

சட்டம் காக்காதா என்பார் உளர். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று அச்சட்டமே கூறுகிறது. 2024இல் திருத்தப்பட்டபோதும் அவ்விலக்கு அகலவில்லை. மறுபுறம் அரசாங்க இரகசியச் சட்டமோ 1972 முதல் விழித்திருக்கிறது. 2014இல் யுபிஎஸ்ஆர் அறிவியல், ஆங்கில வினாத்தாள்கள் கசிந்து, நாடெங்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மறுதேர்வு எழுத நேர்ந்தபோது, ஆசிரியர் சிலர்மீது அச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டதைத் தமிழாசிரியர் உலகம் மறந்திராது. வருமான வரி விதியும் ஒரு வேடிக்கை செய்கிறது. கைப்பேசி, கணினி வாங்கியோர்க்கு வாழ்க்கைமுறைச் செலவாக 2,500 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆனால் அக்கருவி தொழிற் பயன்பாட்டுக்குரியதன்று என்பது நிபந்தனை! ஆக, வரிக் கணக்கில் அது சொந்தப் பொருள். பணிப்பு அனுப்புகையில் அலுவலகப் பொருள். தவறு நேர்ந்தால் மறுபடியும் சொந்தப் பொருள்.

இதைச் சுட்டினால் உடனே ‘தொண்டுள்ளம்’ என்னும் பழைய ஆயுதம் உறையினின்று உருவப்படுகிறது. தோட்டப்புறக் கொட்டகைகளில் பாடம் நடத்திய முன்னோர் கணக்குப் பார்த்தனரா என்று மேடையில் முழங்குகின்றனர். பார்க்கவில்லைதான். ஆனால் அவர்கள் ஈந்தது தம் உழைப்பையும் தம் பொருளையும்; பிறர் வீட்டுப் பிள்ளையின் மறைபொருளை எவரும் ஈகை செய்ய இயலாது. ஈகத்தைப் புகழும் நாவு, பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் உலர்ந்துவிடுகிறது?

சொந்தக் கருவியை அறவே தடை செய்க என்பது மற்றொரு கூச்சல். மாற்றுக் கருவி தராமல் விதிக்கும் தடை மறைவான மீறலையே வளர்க்கும். ஆசிரியரின் கைப்பேசி முழுவதையும் மேலிடம் கண்காணிக்கும் மென்பொருளை ஏற்றுக என்பது அதனினும் கொடிது. பணிக் கோப்பை அழிக்கப் புகுந்து, மறைந்த தந்தையின் படத்தையும் சேர்த்து அழிக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இருத்தலாகாது.

இவ்விரண்டுக்கும் இடையே வழி இல்லாமலில்லை. 2014இல் வெளிவந்த ஆண்டிராய்டு ஐந்தாம் பதிப்பு முதலே, ஒரே கைப்பேசியில் பணிக்கெனத் தனியறை அமைக்கும் ஏற்பாடு இருந்து வருகிறது. ஆப்பிள் நிறுவனமும் 2019 முதல் அதுபோன்றதைத் தருகிறது. அவ்வறையின் திறவுகோல் நிறுவனத்திடம். எஞ்சிய வீடு உரியவரிடம். கருவி தொலைந்தால் பணியறை மட்டும் தொலைவிலிருந்து துடைக்கப்படும். மாலையில் அதை மூடிவைத்து ஆசிரியர் இளைப்பாறவும் கூடும். மாணவர் ஆவணங்கள் புலனத்தில் அலையாமல், இருபடிச் சரிபார்ப்புள்ள டெலிமா கணக்கிலேயே தங்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டாம். பொறுப்பேற்கும் கையொப்பம் ஒன்று வேண்டும்.

அக்கையொப்பத்தைக் கேட்கும் கடமை ஆசிரியர் சங்கங்களுக்கு உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கூரைக்கும் நாற்காலிக்கும் தீர்மானம் நிறைவேற்றுவோர், இதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும். கைப்பேசி தொலைந்த இரவில் ஆசிரியர் எந்த எண்ணை அழைப்பது, மறுமுனையில் யார் விடை சொல்வது என்னும் முதற்கேள்விக்கு அக்கூட்டத்திலேயே எழுத்தில் மறுமொழி பெறட்டும்.