கைதட்டினது போதும்!

முதலிலேயே ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் 'அடடா, என்ன ஒரு தன்னம்பிக்கை!' என்று உச்சுக் கொட்டாதீர்கள். எனக்குக் கோபமே அந்த வார்த்தை மேல்தான்.

'தன்னம்பிக்கை'யில் ஒரு 'கை' ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, தெரியவில்லை. பள்ளி ஆண்டு விழாவிலிருந்து பட்டிமன்ற மேடை வரை இந்தச் சிலேடையைத் தேய்த்துத் தேய்த்து வழுவழு என்று ஆக்கிவிட்டோம். கையை இழந்தவர் யார் கிடைத்தாலும், 'கை போனால் என்ன, நம்பிக்கை இருக்கிறதே' என்று சொல்லி ஒரு கைதட்டல். அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

என் நண்பர் ஒருவரின் மகன். வயது 26. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, பைக் மணலில் சறுக்கி, பையன் தோள் அடிபட விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். தலை தப்பியது. வலது கை மட்டும் அதற்குப் பிறகு அசையவே இல்லை. எலும்பு, தோல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், தோளிலிருந்து யாருடைய கையோ தொங்குகிற மாதிரி தொங்குகிறது.

அவன் ஓட ஆரம்பித்தான். காலையில் 5 கிலோமீட்டர், பிறகு 10, அப்புறம் 15. ஒரு நாள் பணம் கட்டி 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தான். பனியனில் குத்திக்கொள்ளும் நம்பரை வாங்கப் போனபோது, கவுன்ட்டரில் இருந்தவர் இவன் தோள்பட்டையைப் பார்த்தார். "தம்பி, உங்களுக்குன்னே 3 கிலோமீட்டர் நடை தனியா வெச்சிருக்கோம். சீஃப் கெஸ்ட் கொடி அசைக்கிறார். டி-ஷர்ட் ஃப்ரீ."

"நான் 21-க்குப் பணம் கட்டியிருக்கேன் சார்."

"அதில்ல தம்பி, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

கால் மணி நேரம் வாதாடி நம்பரை வாங்கினான். ஓடினான். 2 மணி நேரத்துக்குள் முடித்தான். முடித்த கையோடு மேடைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு பொன்னாடை. 'கை இல்லாவிட்டால் என்ன...' என்று அதே சிலேடை. கைதட்டல். செல்ஃபி.

அவன் எத்தனை நிமிடத்தில் ஓடினான் என்று அங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

ரிசல்ட் பட்டியலில் 60 வயது தாண்டியவர்களுக்குத் தனி வரிசை இருந்தது. கம்பெனி அணிகளுக்குத் தனி வரிசை இருந்தது. இவனுக்கு இல்லை. பிறகு என்னிடம் சொன்னான்: "அங்கிள், அந்தப் பொன்னாடையை ஒரு கையால எப்படி மடிக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியலை."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஓடுவது காலால்தானே, கை எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை கையை உடம்போடு கட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓடிப் பாருங்கள். இடது கால் முன்னால் போகும்போது வலது கை முன்னால் வருகிறதே, அது சும்மா வருவதில்லை. இடுப்பு திரும்புவதைச் சமன் செய்ய வருகிறது. அது இல்லையென்றால் முதுகும் இடுப்பும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

நம் ஒரு கை, உடல் எடையில் சுமார் 5 சதவிகிதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. செயலிழந்த கையை அப்படியே விட்டு ஓடினால், 3 கிலோ ஊசல் மாதிரி ஆடும். தோளைப் பிடித்திருக்கும் தசைகளும் செயலிழந்திருந்தால் அந்த எடையே மூட்டைக் கீழே இழுக்கும். அதனால்தான் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். தடுக்கி விழுந்தால் ஊன்ற ஒரே ஒரு கை.

சைக்கிள் என்றால் இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் கொண்டுவர வேண்டும். தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை விட்டால் ஹேண்டில்பாரை யார் பிடிப்பது? முதுகுப் பையிலிருந்து குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். நீச்சலில் ஒரு கையால் மட்டும் இழுத்தால் உடம்பு ஒரு பக்கமாகவே திரும்பும். ஒவ்வோர் இழுப்புக்கும் காலை உதைத்து நேராக்கிக்கொண்டே போக வேண்டும்.

இதெல்லாம் ஒரு விளையாட்டு வீரனின் தொழில்நுட்பம். இதைப் பற்றி அவனிடம் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவான். நாமோ, "அந்த நாளை நினைச்சா இப்பவும் அழுகை வருமா?" என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் ஜேசன் லெஸ்டர் என்று ஒருவர். 12 வயதில் கார் மோதியதில் வலது கை செயலிழந்தது. 2008-ல் ஹவாய் தீவில் நடந்த அல்ட்ராமேன் உலகப் போட்டியில் கலந்துகொண்டார். முதல் நாள் கடலில் 10 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி 145 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். இரண்டாம் நாள் 276 கிலோமீட்டர் சைக்கிள். ஏறக்குறைய சென்னையிலிருந்து பெரம்பலூர்! மூன்றாம் நாள் 84 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது இரண்டு மாரத்தான். ஒவ்வொரு நாளுக்கும் 12 மணி நேரம்தான் கெடு. தாண்டினால் வெளியே. லெஸ்டர் முடித்தார். உடல் குறைபாட்டோடு அந்தப் போட்டியை முடித்த முதல் ஆள் அவர்தான்.

இந்தக் கதையை நான் சொல்வது உங்களைப் புல்லரிக்க வைக்க அல்ல. அவரை யாரும் 3 கிலோமீட்டர் நடைக்கு அனுப்பவில்லை. போட்டியாளர் என்று பதிவு செய்துகொண்டார்கள், கடிகாரத்தை ஓடவிட்டார்கள். ஒரு வீரனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அவ்வளவுதான். அவனுடைய நேரத்தைக் குறித்துக்கொள்வது.

"ஏன் சார், நல்ல மனசோட பாராட்டினா அதுவும் தப்பா?"

தப்புதான். ஏன் என்று சொல்கிறேன். நம்முடைய தன்னம்பிக்கைக் கதைகள் எல்லாம் விபத்தில் ஆரம்பித்து நேராக வெற்றிக் கோட்டுக்குத் தாவிவிடுகின்றன. நடுவில் உள்ள பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து 5 நரம்பு வேர்கள் புறப்பட்டு, பின்னிப் பிணைந்து கைக்குப் போகின்றன. டாக்டர்கள் 'பிரேக்கியல் பிளெக்சஸ்' என்பார்கள். பைக்கிலிருந்து தூக்கி எறியப்படும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டால், இந்த வேர்கள் நீளும், கிழியும், சில சமயம் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இந்தக் காயத்துக்குப் பெரிய காரணமே டூவீலர் விபத்துகள்தான். நம் ஊர் ரோடும் நம் பையன்கள் ஓட்டுகிற வேகமும் உங்களுக்குத் தெரியாததா?

இப்போது கணக்கைப் பாருங்கள். அறுந்த நரம்பு மறுபடி வளர்கிற வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல் வரை போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல். இதற்கிடையில் நரம்புத் தொடர்பு இல்லாத தசை சும்மா காத்துக்கொண்டிருக்காது, மெலிந்துகொண்டே போகும். ஒன்று, ஒன்றரை வருடம் தாண்டிவிட்டால் நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க உள்ளே ஆள் இருக்காது. அதனால்தான் அறுவை சிகிச்சை தேவை என்றால் முதல் ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்கிறார்கள்.

என் நண்பரின் மகனுக்கு எட்டு மாதம் வீணாகப் போனது. 'தானா சரியாயிடும், வெயிட் பண்ணிப் பாருங்க' என்று ஒருவர். எண்ணெய்க் கட்டு என்று இன்னொருவர். பார்க்க வந்த அத்தனை பேரும் 'மனசை விட்டுடாதே' என்றார்கள். 'காலண்டரைப் பார்' என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் உட்பட.

நரம்புக்குத் தன்னம்பிக்கை தெரியாது. தேதிதான் தெரியும்.

அப்புறம் வலி. வேரோடு பிடுங்கப்பட்ட நரம்பு சும்மா இருக்காது. உணர்ச்சியே இல்லாத அந்தக் கையில் நெருப்பு வைத்தது மாதிரி, ஷாக் அடித்தது மாதிரி வலிக்கும். பலருக்கு வருடக்கணக்கில். பொன்னாடை போர்த்தி எடுத்த போட்டோவில் அந்த வலி தெரியாது.

சரி, இவ்வளவும் தாண்டி ஒருவன் போட்டிக்கு வந்துவிட்டான். நாம் என்ன வைத்திருக்கிறோம் அவனுக்கு?

ராஜஸ்தானின் தேவேந்திர ஜஜாரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர் இல்லை, ஈட்டி எறிபவர். ஆனால், அவர் கதை இங்கே பாடம். 8 வயதில் மரம் ஏறும்போது மின்கம்பி பட்டு இடது கையை இழந்தவர். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் உலக சாதனையோடு தங்கம். அப்போது வயது 23. அடுத்து 2008 பெய்ஜிங். அவருடைய எஃப்-46 பிரிவு ஈட்டி எறிதலே பட்டியலில் இல்லை. 2012 லண்டன். அங்கும் இல்லை. 2016-ல் ரியோவில் மறுபடி சேர்த்தார்கள். போனார், மறுபடியும் உலக சாதனை, மறுபடியும் தங்கம். வயது 35!

நடுவில் போன அந்த 12 வருடத்துக்கு யார் கணக்குச் சொல்வது? ஒரு விளையாட்டு வீரனின் இளமை அது. கையை எடுத்தது மின்சாரம். இளமையை எடுத்தது ஒரு பட்டியல்.

மாரத்தானிலும் இதே கதை. கை பாதித்தவர்களுக்கான டி-46 மாரத்தான் 2016 ரியோவில் இருந்தது, 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் இருந்தது. இரண்டிலும் ஜெயித்தவர் சீனாவின் லீ சாவ்யான். 2024 பாரிஸில் அதைக் காணோம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாரத்தான் இருந்தது, சக்கர நாற்காலி வீரர்களுக்கு இருந்தது. ஒரு கையோடு நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு டிராக்கில் மிஞ்சியது 1,500 மீட்டர். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ரோகர், பிறவியிலேயே ஒரு முன்கை இல்லாதவர், 42 கிலோமீட்டரை 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடிக் காட்டியவர். அப்படிப்பட்ட வேகத்துக்கே பாரிஸில் இடமில்லை.

பதக்கப் போட்டிகளுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு. போட்டியிட ஆள் குறைந்த பிரிவுக்குத்தான் முதலில் கத்தி விழும். ஆள் ஏன் குறைகிறது? உலகத்தில் கை பாதித்தவர்கள் இல்லாமலா போனார்கள்? எங்கள் ஊர் கவுன்ட்டரில் "3 கிலோமீட்டர் நடை போங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோமே, அங்கேதான் குறைகிறது. உள்ளூர் ரிசல்ட்டில் இல்லாத பெயர் மாநிலத்தில் எப்படி வரும்? மாநிலத்தில் இல்லாதது பாரிஸில் எப்படி வரும்?

"எல்லாரோடயும் சமமா ஓடணும்னும் சொல்றீங்க, தனிப் பிரிவும் கேக்கறீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்" என்று சிலர் மடக்குவார்கள். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு இருக்கிறதே, 57 கிலோ வீரரைப் பார்த்து 'சலுகை வாங்கினவர்' என்று யாராவது சொல்கிறோமா? எல்லா மாரத்தானிலும் பெண்களும் முதியவர்களும் அதே சாலையில், அதே கடிகாரத்தில் ஓடுகிறார்கள். வரிசை மட்டும் தனி. அதே ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்கள் விளையாட்டில் முழுமையாகப் பங்கேற்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 30-வது பிரிவில் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயங்கள்.

ஓட்டம் நடத்துகிறவர்களே, உங்கள் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் சேருங்கள். எந்தப் பிரிவு என்று கேளுங்கள். அந்தப் பிரிவில் ஓடியது ஒரே ஒரு ஆளாக இருந்தாலும் அவர் பெயரையும் நேரத்தையும் அச்சிடுங்கள். அடுத்த வருடம் இரண்டு பேர் வருவார்கள். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். சைக்கிள் போட்டி என்றால், பிரேக்கை மாற்றிக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பத்திரிகைக்காரர்களான நாமும் கொஞ்சம் திருந்தலாம். அவருடைய கண்ணீரைக் கேட்பதற்கு முன் அவருடைய வேகத்தைக் கேட்போம்.

உங்கள் தெருவில் பைக்கிலிருந்து விழுந்து கை அசையாமல் கிடக்கிற ஒரு பையன் இருந்தால், ஆறுதல் சொல்ல ஆப்பிளோடு போகாதீர்கள். தேதியை எண்ணச் சொல்லுங்கள். நரம்பு அறுவை சிகிச்சை தெரிந்த டாக்டரிடம் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் ஷூ லேசுக்குப் பதிலாக எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தான், ஒரு கையாலும் பல்லாலும். இந்தத் தடவை எதையும் பாராட்டவில்லை.

"டைம் என்னப்பா இப்ப?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "1 மணி 51 அங்கிள். 1-45-க்குள்ள வரணும். கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல முதுகு பிடிச்சுக்குது. அதுக்கு என்ன பண்றதுன்னா..." என்று ஆரம்பித்தவன், ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

மூன்று வருடத்தில் அவனிடம் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.