பதினெட்டா, இருபத்தொன்றா?

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடியும் தறுவாயில் ஓர் இளைஞர் எழுந்தார். "ஓட்டுப் போட 18 வயது போதும் என்கிறீர்கள். ஒரு பாட்டில் பீர் வாங்க மட்டும் 21 ஆக வேண்டுமா, அண்ணா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி அல்ல அது. பதில் சொல்வது நம் கடமை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1965ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மது விற்கக் கூடாது என்கிறது. 1967ஆம் ஆண்டின் உரிம விதிகளோ 21 என்கின்றன. 2023 ஜனவரியில் பசவராஜ் பொம்மை அரசு இந்த 21ஐ 18 ஆக்க ஒரு வரைவு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியது; அந்த மாதமே வரைவு திரும்பப் பெறப்பட்டது.

சட்டத்தையும் விதியையும் பொருத்துவதற்காகத்தான் இந்த மாற்றம் என்றார்கள். நல்லது. பொருத்துவதற்கு வழி இரண்டு உண்டு. விதியை 18க்கு இறக்கலாம்; சட்டத்தை 21க்கு ஏற்றலாம். அரசின் கை ஏன் இறக்கும் பக்கமே போயிற்று? 2023–24ஆம் ஆண்டுக்குக் கலால் வருவாய் இலக்கு 36,000 கோடி ரூபாய். ஆட்சி மாறியது, இலக்கு குறையவில்லை, வரிதான் ஏறியது. எந்தக் கட்சி வந்தாலும் கல்லாப் பெட்டிக்குப் புது வாடிக்கையாளன் வேண்டும். அவன் நம் வீட்டுப் பிள்ளை.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். ஓட்டு வயது 21லிருந்து 18 ஆனது 1989இல். ஆயினும் சட்டசபைக்கு நிற்க 25 வயது வேண்டும். ஆண்மகன் மணம் முடிக்க 21 வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு வயது. ஓட்டு உரிமை, மது சரக்கு. நீ ஓட்டுப் போட்டால் உனக்குக் குரல் கிடைக்கிறது. நீ குடித்தால் இலாபம் யாருக்குக் கிடைக்கிறது?

கோவாவிலும் புதுச்சேரியிலும் 18தானே என்பார்கள். கேரளம் 2017இல் 21ஐ 23 ஆக உயர்த்தியதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் வயதைக் குறைத்துப் பார்த்தன. இளைஞர்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாலையில் மடிந்ததைக் கண்டு, 1984இல் மத்திய அரசே சட்டம் போட்டு 21க்குக் கொண்டுவந்தது. இங்கே இரவு பன்னிரண்டு மணிக்கு டெலிவரி வண்டியில் பறப்பவர்கள் யார்? 18, 19 வயதுப் பிள்ளைகள்தானே!

நம் குடும்பங்களில் அந்த மூன்று ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. பெயிண்டிங், சென்ட்ரிங், ஆட்டோ, கடை வேலை என்று முதல் கூலி கைக்கு வரும் காலம் அதுதான். அந்தக் கூலி தங்கையின் படிப்புக்கும் வீட்டு வாடகைக்கும் போகுமா, கடைக்குப் போகுமா என்பது அப்போதே முடிவாகிறது.

"21 என்று இருந்தால் மட்டும் யார் கேட்கிறார்கள்?" என்பீர்கள். உண்மை. பன்னிரண்டு வயதில் என் தகப்பனாருக்குச் சாராயப் பாக்கெட் வாங்கி வந்தவன் நான். கடைக்காரர் என் வயதைக் கேட்கவில்லை. சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். 2007 ஜூலையில் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. குடி போகவில்லை, சிறு விஸ்கிப் பாக்கெட்டாக உருமாறியது. எல்லாக் கடையையும் மூடு என்றும் நான் சொல்லவில்லை. 1981இல் இதே பெங்களூரில் விஷச் சாராயம் 300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரை வாரிக் கொடுத்தோம். தடை என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே நமது கோரிக்கை மூன்று.

ஒன்று: சட்டத்திலும் 21 என்றே எழுத வேண்டும். இரண்டு: வயது பார்க்காமல் விற்கும் கடையின் உரிமத்தில் கை வைக்க வேண்டும், வாங்கிய பையனைப் போலீஸ் அடிப்பது தீர்வு ஆகாது. மூன்றாவது கோரிக்கை அரசிடம் அல்ல, நம்மிடம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மது கொடுத்தால் ஏழாண்டு வரை சிறை என்கிறது சிறார் நீதிச் சட்டம். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் தேர்தல் வேலையிலும் பையன்கள் கையில் டம்ளரைத் திணிப்பவர்கள் நாமே. சங்கத்து ஆட்களும் இதற்கு விலக்கல்ல.

தம்பி, உன் கேள்வி நியாயமானது. 18இல் உனக்கு விவரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. விவரம் இருப்பதால்தான் கேட்கிறேன்: உன் முதல் கூலிக்காகக் காத்திருப்பவர்களில் உன் தாயும் இருக்கிறாள், கடைக்காரனும் இருக்கிறான். யார் கையில் கொடுக்கப் போகிறாய்?