'பர்மா தேக்கு' வாங்கப் போறீங்களா? அந்தப் பணம் எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க!

வீடு கட்டுபவர் வாசல் நிலை, கதவு பற்றி விசாரித்தாலே மரக்கடையில் முதலில் காதில் விழுவது 'பர்மா தேக்கு' என்ற பேர்தான். ஆனால், அந்த மரத்தை விற்கும் மியான்மர் அரசு நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2021-ல் தடை போட்டிருக்கின்றன. என்ன காரணம்? இங்கே வாங்குபவர் எதைக் கவனிக்கணும்?

ஏன் இவ்வளவு மவுசு?

தேக்கு இயற்கையாக வளர்வது நான்கு நாடுகளில்தான்: இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ். இயற்கைத் தேக்குக் காடுகளில் கிட்டத்தட்ட பாதி மியான்மரில் இருக்கு. பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த தேக்குதான் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தூணாக, கதவாக நிற்குது.

மரத்தின் நடுவில் உள்ள வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் கரையானும் ஈரமும் அவ்வளவு சீக்கிரம் தாக்காது.

தடை எதற்கு?

அங்கே தேக்கு வெட்டுவதற்கு ஒருகாலத்தில் கறாரான முறை இருந்தது. காட்டை 30 பகுதிகளாகப் பிரிச்சு, வருஷத்துக்கு ஒரு பகுதியில், குறிப்பிட்ட சுற்றளவைத் தாண்டிய மரங்களை மட்டும் வெட்டுவாங்க. 1856-ல் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ் போட்ட அடித்தளம் அது. பிற்காலத்தில் அளவு மீறி வெட்டியதில் காடு மெலிந்தது. 2014-ல் உருட்டு மர ஏற்றுமதியையே மியான்மர் நிறுத்தியது.

2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மர வியாபாரம் அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால், அந்த வருமானம் ராணுவத்துக்குப் போகுது என்பதே தடைக்கான காரணம்.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தத் தடைகளில் இந்தியா சேரவில்லை. இறக்குமதி மரம் முறைப்படி வெட்டப்பட்டதா என்று வியாபாரி நிரூபிக்கணும் எனச் சொல்லும் தனிச் சட்டமும் இங்கே இல்லை. துறைமுகத்தில் கேட்கும் தாவர நலச் சான்று, மரத்தில் பூச்சி, நோய் இல்லை என்பதற்குத்தான். ஆக, கேள்வி கேட்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழுது.

கடையில் என்ன கேட்கலாம்?

* எந்த நாட்டு மரம்? கானா, ஈக்வடார், பிரேசில் தோட்டத் தேக்கும் இங்கே வருது. பேரை மட்டும் நம்பாமல் நாட்டை பில்லில் எழுதி வாங்குங்க.
* எஃப்.எஸ்.சி போன்ற சான்று இருக்கா? மத்திய அரசும் 2023 டிசம்பரில் இந்திய வன, மரச் சான்றிதழ் திட்டத்தைத் தொடங்கியிருக்கு.
* வைரம் எவ்வளவு? இளம் மரத்தில் ஓரத்து வெளிர் பகுதி அதிகம். அது சீக்கிரம் உளுத்துப்போகும். எந்த நாட்டுத் தேக்கானாலும் இது பொருந்தும்.
* பழைய மரம் கிடைக்குமா? காரைக்குடி பக்கம் இடித்த வீடுகளின் தேக்கு விற்பனைக்கு வருது. அதற்காகப் புதுசா ஒரு மரம் வெட்ட வேண்டாம்.

வாங்கிய பிறகு?

வெயிலில் கிடக்கும் தேக்கு சாம்பல் நிறமாக மாறினால் பயப்படத் தேவையில்லை. மேல்பரப்பில் மட்டும் வெயில் செய்யும் வேலை அது, மரம் கெடவில்லை. எண்ணெய் பூசுவது நிறத்துக்காகத்தான், கட்டாயமில்லை.

உண்மையான எதிரி தேங்கும் தண்ணீர். மரத்தின் வெட்டு முனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அதனால் நிலைக்கால், பெஞ்சுக் கால் ஆகியவற்றின் அடிமுனையில் பூச்சு அடித்த பிறகே பொருத்தச் சொல்லி ஆசாரியிடம் கேளுங்க. கால்களைத் தரையில் படாமல் கல் மேலோ ரப்பர் மேலோ வைங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர் போட்டு ரேகை போகும் வாக்கில் தேய்ச்சுக் கழுவினால் போதும். வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வேண்டாம், அது ரேகையைப் பெயர்த்துவிடும்.