கரண்ட் கொடுத்தால் அசையும் ரப்பர்



அம்பத்தூர், கொரட்டூர் பக்கத்து வீடுகளுக்கு ரப்பர் புதிதல்ல. மோல்டிங் பிரஸ்ஸில் இருந்து எடுத்த ஓ-ரிங்கும் வாஷரும் மூட்டையாக வாசலுக்கே வந்து இறங்கும். மத்தியானச் சமையல் முடிந்ததும் பெண்கள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து ஓரத்துப் பிசிறை வெட்டித் தருவார்கள். பீஸ் ரேட்தான். கொஞ்சம் ஆழமாக வெட்டினால் அந்தப் பீஸுக்குக் காசு கிடையாது.

இந்த ரப்பரே கரண்டில் அசையும் என்றால் நம்புவீர்களா?

நன்றாக இழுபடும் மெல்லிய ரப்பர் படலம். இரண்டு பக்கமும் கார்பன் பூச்சு. மின்சாரம் கொடுத்ததும் ஒரு பக்கம் பாசிட்டிவ், மறுபக்கம் நெகட்டிவ் சேர்ந்து ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய படலம் பூரி பிரஸ்ஸில் வைத்த மாவு போல நசுங்கிப் பக்கவாட்டில் விரியும். மாவு விரிந்தபடியே கிடக்கும். ரப்பரோ மின்சாரம் இறங்கியதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மோட்டார் இல்லை, கியர் இல்லை, சத்தமும் இல்லை. செயற்கைத் தசை என்று இதைச் சொல்வது அதனால்தான்.

விஷயம் பழசு. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜென், அதற்கு 15 வருடம் முன்பே, 1880-ல், ரப்பர் பட்டையில் மின்னேற்றி அது நீள்வதைப் பார்த்திருக்கிறார். பிறகு நூறு வருடத்துக்கும் மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2000-ல்தான் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகம், இப்படி ஒரு படலத்தை 200 சதவீதத்துக்கும் மேல் விரிய வைத்துக் காட்டியது. அவர்கள் எடுத்த பொருள் எது தெரியுமா? 3எம் கம்பெனியின் வி.எச்.பி. டேப். கண்ணாடியும் பேனலும் ஒட்டுகிறவர்களைக் கேளுங்கள், சுருளையே எடுத்துக் காட்டுவார்கள்.

2005-ல் சான் டியாகோவில் ஒரு பஞ்சா போட்டி நடந்தது. மின்சாரத்தில் அசையும் பாலிமர் பொருத்திய மூன்று ரோபோ கைகள் ஒரு பக்கம், 17 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் மறுபக்கம். மூன்றையும் அந்தப் பெண் சாய்த்துவிட்டார். அதிகபட்சம் தாக்குப்பிடித்த கை 26 விநாடி நின்றது!

நமக்கு எதற்கு இது? பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன பெரியவர் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பந்தை அழுத்த விரல் மடங்காது. மருமகளோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக மடக்கிவிட வேண்டும். அவர்களுக்கும் வேறு வேலை இருக்கிறதே. மோட்டாரும் காற்றுப் பம்பும் வைத்த பயிற்சிக் கையுறைகள் ஏற்கெனவே உண்டு. அந்தக் கனமும் சத்தமும் இல்லாத, ரப்பரே தசையாக இருக்கும் கையுறைக்குத்தான் ஆராய்ச்சி நடக்கிறது. இன்னும் ஆய்வக நிலைதான். யாராவது வாட்ஸ்அப்பில் விலை சொன்னால் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

சிக்கல் வோல்டேஜில். கரண்ட் ரொம்பக் குறைவு. ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். படலத்தை மெல்லிசாக்கினால் வோல்டேஜ் இறங்கும். ஆனால் மெல்லிசாக்கினால் ஒரு தூசு, ஊசிமுனைக் குமிழ் போதும், அந்த இடத்தில் பொறி பறந்து ஓட்டை விழும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட்டிலேயே வளையும் இன்னொரு வகை உண்டு, துர்காபூர் சி.எம்.இ.ஆர்.ஐ. ஆய்வகத்தில் அதை வைத்து நுண்ணிய பொருளைப் பிடிக்கும் கிடுக்கியே செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த வகையில் ஈரம் காயக்கூடாது, பலமும் குறைவு.

ரப்பர் படலம் குமிழ் இல்லாமல், ஒரே கனத்தில், ஆயிரம் தடவை ஒரே மாதிரி வர வேண்டும். இது நம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஆட்கள் தினமும் கட்டி அழும் பிரச்சினை அல்லவா? 1964-ல் தொடங்கிய எஸ்டேட் அது. அதற்கு முன்பே இங்கே டன்லப் டயர் தொழிற்சாலை ஓடியது. கம்பெனி போனாலும் அந்தக் கைப்பழக்கம் இன்னும் எத்தனையோ சின்ன ஷெட்டுகளில் இருக்கிறது. மைக்ரான் படலம் வேறு உலகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரப்பர் எப்போது அடம்பிடிக்கும் என்று அறிந்தவருக்கு அது அந்நிய உலகமல்ல.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எத்தனை இன்ஜினீயரிங் காலேஜ்! கடைசி வருட புராஜெக்டைக் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கும் பிள்ளைகளை என்ன சொல்வது? அதே பணத்தில் சிலிக்கோன் ரப்பரும் கார்பனும் வாங்கி, காலேஜ் லேபில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, இதைச் செய்து பார்க்கலாம். ஹை வோல்டேஜ் என்பதால் வீட்டில் மட்டும் வேண்டாம், தம்பி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்று வீடே இழவு வீடாக வேண்டியதில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி இருக்கிறது. கிண்டி சிப்பெட்டில் டிப்ளமோ இருக்கிறது. ‘ரப்பரா படிக்கிறான்?’ என்று சிரிக்கும் சொந்தக்காரர்கள் சிரிக்கட்டும்.

மோல்டிங் பிரஸ் வைத்திருக்கும் வாசகர்களே, மாணவர்களை ஒரு சனிக்கிழமை ஷெட்டுக்குள் விட்டு, குமிழ் ஏன் வருகிறது, கியூரிங் எங்கே தவறுகிறது என்று காட்ட உங்களால் முடியுமா? முடியும் என்றால் எங்களுக்கு எழுதுங்கள். சம்மதித்தவர்களின் பட்டியலைப் பக்கத்துக் காலேஜ்களுக்கு நாங்கள் அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்