பேராதனைக்கு வரும் பிள்ளைகள்
யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் கதைக்க வராது. கலஹா சந்தியில் பஸ் ஏறிக் கண்டி டவுனுக்குப் போய்வருவதே முதல் வாரங்களில் பெரிய பயணம். நடத்துனர் கேட்பது விளங்காது. இறங்க வேண்டிய இடத்தைக் கேட்கவும் வாய் வராது. சொந்த நாட்டுக்குள்ளே இந்த அந்நியம்! கண்டியிலுள்ள கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலடியிலும், தமிழ் கதைக்கும் முஸ்லிம் முதலாளிமாரின் கடைகளிலுந்தான் கொஞ்சம் மூச்சு வரும். அவர்களுக்குப் புண்ணியம். ஆனால் தமிழில் பேச யாருடைய தயவையும் நம்பியிருக்கத் தேவையில்லை: தமிழையும் அரசகரும மொழியாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது 1987இல். ஆஸ்பத்திரியிலும் பொலிஸ் நிலையத்திலும் தங்கள் மொழியில் பேசுவது அந்தப் பிள்ளைகளின் உரிமை. வந்தவர்கள் சிங்களம் பழகட்டும், நல்லது. கூடப் படிக்கும் சிங்களப் பிள்ளைகளுக்கும் முதலாம் வருடத்திலேயே பேச்சுத்தமிழ் கற்பிக்க வேண்டும்.