பாடம் படிக்க அமெரிக்கா போக வேண்டுமா?

தொழிலதிபர்கள் காலத்தின் போக்கைக் கவனிக்க வேண்டும், உலக நடப்பிலிருந்து பாடம் கற்க வேண்டும் என்று எங்கு திரும்பினாலும் உபதேசம் நடக்கிறது. நட்சத்திர ஓட்டல்களில் மாநாடு கூட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்காருகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தால் எத்தனை ஆளைக் குறைக்கலாம், சீனாவை விட்டுக் கிளம்பும் மூலதனத்தை எப்படிப் பிடிக்கலாம், அமெரிக்கா போடும் வரியை எப்படிச் சமாளிக்கலாம் என்றெல்லாம் சொற்பொழிவு கேட்கிறார்கள். பிறகு விருந்து.

கற்கட்டும். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பாடம் கற்க இந்தக் கனவான்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. பூந்தமல்லிக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். அங்கிருந்து வெள்ளவேடு எட்டிப் பிடிக்கும் தூரம்தான். திரும்பும் வழியில் ஆவடியையும் அம்பத்தூரையும் பார்த்து விட்டுப் போகலாம்.

வெள்ளவேட்டில் என்ன நடந்தது? வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசம்பர் மாதம். சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிள் டெலிபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் அங்கேயுள்ள விடுதியில் தங்கியிருந்தார்கள். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த கிராமத்துப் பெண்கள். இருபது வயதைச் சுற்றிய பிள்ளைகள். மாதச் சம்பளம் பத்தாயிரம் ரூபாய் சொச்சம். விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களில் 250 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சில பெண்களைக் காணோம், இறந்து போனார்கள் என்று செய்தி பரவியது. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. டிசம்பர் 17-ம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மைல் கணக்கில் வண்டிகள் நின்றன. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களை வீடியோவில் காட்டிய பிறகுதான் நிலைமை தணிந்தது. அதற்குள் போலீஸ் வேன்களும் வந்து விட்டன. விஷச் சோறு போட்டவனைப் பிடிப்பதற்கு முன்னால், அதைச் சாப்பிட்டவர்களைப் பிடித்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த அறைகளில் பெண்கள் தரையில் நெருக்கியடித்துப் படுத்திருந்ததும், கழிப்பறையில் தண்ணீர் வராததும் அன்றைக்குப் புதிதாக முளைத்த சங்கதியா? மாதக் கணக்கில் இருந்த நிலைமை. இன்ஸ்பெக்டர்கள் பார்க்கவில்லையா? கம்பெனியின் "தர ஆய்வு" செய்கிறவர்கள் பார்க்கவில்லையா? டெலிபோன் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் விழுந்தால் கண்டுபிடிக்கிற நிர்வாகத்துக்கு, முப்பது பேர் ஒரே அறையில் படுத்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை! ரோட்டில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது. ஆலை மூடிக் கிடந்தது. டிசம்பர் 29-ம் தேதி ஆப்பிள் கம்பெனியே, விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தனது தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உள்ளூர் நிர்வாகத்தைத் திருத்தி அமைப்பதாக பாக்ஸ்கான் சொன்னது. ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடி சங்கு ஊதியது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு 706 கோடி ரூபாய் செலவில் சர்க்கார் கட்டிய விடுதிகளைத் திறந்தார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கட்டில்கள் மாநாட்டுத் தீர்மானத்தினால் மட்டும் வந்தவை அல்ல. நடுரோட்டில் குளிரில் உட்கார்ந்த பெண்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இப்படிச் சொல்வதில் நமக்குத் தயக்கமே கிடையாது.

இனி உபதேசிகளின் பக்கம் வருவோம். 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் ஏலத்தை 90-க்கு உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டில் இருந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். அவருடைய 2023-24-ம் வருஷத்துச் சம்பளம் 51 கோடி ரூபாய். அதே கம்பெனியின் நடுத்தர ஊழியரின் சம்பளத்தைப் போல 534 மடங்கு. 534 மடங்கு வாங்குகிறவர் 90 மணி நேரம் பற்றிப் பேசலாம்.

90 மணி என்றால் கணக்கென்ன? வாரம் ஏழு நாளும் வேலை செய்தாலும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி. திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு அம்பத்தூர் வருகிற ஒரு தொழிலாளிக்குப் போக வர இரண்டு மூன்று மணி. குளியல், சாப்பாடு, தூக்கம் போக, பெற்ற பிள்ளையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளக் கூட நேரமிருக்காது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணிக்கு மேல் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இருதய நோயிலும் 2016 ஒரு வருஷத்தில் மட்டும் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் உலகில் மாண்டிருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கு. இதுவும் "உலக நடப்பு"தானே? இதை ஏன் எந்த மாநாட்டிலும் படிப்பதில்லை?

உழைப்பு போதாது, அதனால்தான் நாடு முன்னேறவில்லை என்கிறார்கள். சரி, உழைத்ததன் பலன் எங்கே போயிற்று? நாம் சொன்னால் கட்சிப் பிரசாரம் என்பார்கள். மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் வைத்த 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது: 2023-24-ல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் ஏறியது. லாபத்தின் விகிதம் பதினைந்து வருஷத்தில் காணாத உச்சம். அதே கம்பெனிகளில் ஆட்கள் கூடியது 1.5 சதவீதம்தான். சம்பளச் செலவு வளர்ந்த வேகம் 17-லிருந்து 13 சதவீதமாகக் குறைந்தது. தொழிலாளி கையில் காசில்லாவிட்டால் சரக்கை யார் வாங்குவது, சந்தை படுத்து விடாதா என்று அந்த அறிக்கையே கவலைப்படுகிறது. சர்க்காரின் சொந்தப் பொருளாதார நிபுணர்களுக்கு உறைத்தது, முதலாளிமார்களுக்கு உறைக்கவில்லை!

2023 ஏப்ரலில் நடந்த கூத்தும் நினைவிருக்கும். தமிழ்நாட்டுச் சட்டசபையில் ஏப்ரல் 21-ம் தேதி, வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். வெளிநாட்டு மூலதனம் கேட்கிறது என்பது சமாதானம். ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஆலை வாயில்களில் கொதிப்பு. மூன்றே நாளில் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சரே வாபஸ் என்று அறிவித்தார். தோழர் சிங்காரவேலர் 1923-ல் இந்தச் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருஷம். எட்டு மணி நேரத்துக்காக ஏற்றிய கொடியின் நூறாவது வருஷத்தில் பன்னிரண்டு மணியைக் கொண்டு வந்தவர்களுக்கு, பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் இல்லை போலும்.

அடுத்த வருஷமே ஸ்ரீபெரும்புதூர் சாம்சங். 2024 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம். கூலி உயர்வும் கேட்டார்கள், வாஸ்தவம். ஆனால் மூலக் கோரிக்கை என்ன? எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதை ஒப்புக்கொள் என்பது! 1918-ல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் வைத்தார்கள். 1926-ல் வெள்ளைக்காரனே தொழிற்சங்கச் சட்டம் போட்டான். சங்கம் வைக்கும் உரிமை அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, சங்கத்தின் பெயரில் எங்கள் கம்பெனிப் பெயர் வரக்கூடாது என்று வழக்காடினார்கள். போராட்டப் பந்தலைப் போலீஸ் பிரித்துப் போட்டது. ஐகோர்ட் கெடு வைத்தது. 2025 ஜனவரி 27-ம் தேதி சங்கம் பதிவாயிற்று. முதல் நாளே பதிவு செய்திருந்தால் 37 நாள் உற்பத்தி யாருக்கு மிச்சம்? கணக்குப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

"செங்கொடி வந்தால் ஆலை ஓடிப் போகும்" என்று ஒரு பழைய பல்லவி உண்டு. தேநீர்க் கடையில் நல்ல மனிதர்கள் கூட நம்மிடம் இதைச் சொல்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பர் 1-ம் தேதி மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் பெண்கள், நடுத்தெருவுக்கு வந்தார்கள். காரணம் வேலைநிறுத்தமா? கம்பெனியின் டெலிபோன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது; வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலையை வாங்காமல் விட்டது. முடிவு எடுத்த இடம் வேறு கண்டம். மறைமலைநகர் போர்டு? 2021 செப்டம்பரில் மூடப் போவதாக அறிவித்தபோது, பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனியே சொன்னது. கார் விற்கவில்லை, அவ்வளவுதான். நம் அம்பத்தூர் டன்லப்? கைக்குக் கை மாறி, கடைசியில் ரூயா குழுமத்திடம் போய், கடன்காரர்கள் வழக்குப் போட்டு, கல்கத்தா ஐகோர்ட் கம்பெனியைக் கலைக்கச் சொல்லும் வரை வந்தது. டயர் செய்த தொழிலாளியா அந்தக் கடனை வாங்கினான்? ஆலை போயிற்று. பஸ் கண்டக்டர் மட்டும் இன்னும் "டன்லப், டன்லப்" என்று கூவி ஆள் இறக்குகிறார்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு முதலாளிகளை நாம் பெரிய கம்பெனிக்காரர்களோடு ஒரே கட்டாகக் கட்டிவிடத் தயாராக இல்லை. ஏழெட்டுப் பேரை வைத்து லேத் பட்டறை நடத்தும் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் புலம்பினார். சரக்கு கொடுத்து நான்கு மாதமாயிற்றாம், பெரிய கம்பெனியிலிருந்து பில் பணம் வரவில்லையாம். 45 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. கொடுக்காத தொகைக்கு வருமான வரியில் கழிவு கிடையாது என்று 2024 ஏப்ரலிலிருந்து கெடுபிடியும் வந்திருக்கிறது. புகார் கொடுங்களேன் என்றோம். "கொடுத்தால் அடுத்த ஆர்டர் எங்கே, அண்ணே?" என்றார். சங்கத்தில் சேரப் பயப்படும் காண்ட்ராக்ட் தொழிலாளி நம்மிடம் சொல்லும் அதே வார்த்தை! இந்தச் சிறு முதலாளிகள்தான் 2023 செப்டம்பர் 25-ம் தேதி மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்து மாநிலமெங்கும் ஒரு நாள் ஆலைகளை மூடினார்கள். அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மோட்டாரும் மெஷினும் நனைந்து நாசமானபோது கைகட்டி நின்றவர்களும் இவர்களே. ஒன்று சேர்ந்து கதவை மூடுவது தங்களுக்கு நியாயம் என்றால், தம் பட்டறைத் தொழிலாளிக்கும் அது நியாயம்தானே? லேத் பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டோம். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

ஆவடிக்கும் வருவோம். 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைப் பற்றி நமக்கு அன்றும் மயக்கம் இருந்ததில்லை. ஆனாலும் ஆறு வருஷம் கழித்து அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; நம் தொழிலாளர்கள் கையால் டாங்கி செய்து காட்டினார்கள். 2021 அக்டோபர் 1-ம் தேதி அந்த ஆலையைச் சர்க்கார் நேரடி நிர்வாகத்திலிருந்து எடுத்துக் கம்பெனியாக்கினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் பற்றிப் பேசத் தொடங்கியதும், பாதுகாப்பு உற்பத்தியில் வேலைநிறுத்தமே குற்றம் என்று சட்டம் வந்தது. தனி முதலாளிக்குச் சர்க்கார் பாடம் சொல்லிக்கொடுத்த கதை இது.

இப்போது 2025 நவம்பர் 21-ம் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்து விட்டது. 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலையை மூட, ஆட்குறைப்புச் செய்ய, இனி அனுமதி கேட்க வேண்டாம். முன்பு இந்த எல்லை 100. வேலைநிறுத்தம் என்றால் பதினான்கு நாள் முன்னதாக நோட்டீஸ். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்பது சட்டப்படியே எல்லாத் தொழிலுக்கும் வந்தாயிற்று. முதலாளிமார் சங்கங்கள் வரவேற்று அறிக்கை விட்டன. அம்பத்தூரில் 300 பேர் வேலை செய்கிற ஆலை எத்தனை? விரல் விட்டு எண்ணலாம். மற்ற ஆயிரக்கணக்கான பட்டறைகளில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டத்தில் பூட்டு மட்டும்தான் இருக்கிறது, சாவி முதலாளி கையில்.

போன வாரம் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஒரிசா வாலிபன் நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னான். இங்கிலீஷில் இருந்தது. பதினோரு மாத வேலை, அத்தோடு சரி என்று எழுதியிருந்தது. தனக்கு நிரந்தர வேலை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியதாக அவன் சொன்னான். அவனோடு அதே காகிதத்தை வைத்திருப்பவர்கள் இன்னும் இருபத்தியிரண்டு பேர். வரும் சம்பள தினத்தன்று மாலை அந்த ஷிப்டு முடியும் நேரத்தில் வாயில் கூட்டம் போட ஏற்பாடு செய்திருக்கிறோம். தமிழிலும் இந்தியிலும் பேசுவார்கள். ஒரியா பேசத் தெரிந்த தோழர்கள் யாராவது இருந்தால் நம் அலுவலகத்துக்கு முன்னதாகத் தகவல் கொடுக்கவும்.